பத்தாயிரமாம் இலக்கக் கதவு

தூரத்தில் இருக்கும் சேர்வரை வீட்டிலிருந்தே நிர்வகிக்கலாம் என்று வந்த காலத்தில் முதலில் கைகொடுத்தது டெல்நெட். அதில் அடிக்கும் பாஸ்வேர்ட் எழுத்துக்கு எழுத்து அப்படியே வலையமைப்பில் போகும். இடையில் ஒட்டுக்கேட்பவனுக்குப் பெரிய பாடே இல்லை. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் பாஸ்வேர்ட்கள் களவுபோயின. அதைக் கண்ட தாத்து யுலோனென் என்ற ஆய்வாளர் எஸ்எஸ்எச்சை எழுதினார். இனிப் போவதும் வருவதும் மறைகுறியாகவே போகும்.

நல்ல விசயம்தான். ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது உதவும். மற்ற ஆக்கள் என்ன செய்யிறது? 1997இல் ஜேமி கமரன் என்பவர் பேர்ள் மொழியில் வெப்மினை எழுதி வெளியிட்டார். பிரவுசரைத் திறந்து சேர்வரின் 10000ஆம் இலக்கப் போர்ட்டுக்குப் போனால் போதும்; பயனர் கணக்கு, டொமைன், மெயில், ஃபயர்வோல் எல்லாம் பட்டனில் வந்துவிடும். இலவசம், திறந்த மூலம். சம்பளத்துக்கு நிர்வாகி வைக்க வசதியில்லாத எங்களைப்போன்ற சிறு குழுக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி எண்டு சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அந்தப் பக்கம் ரூட் அதிகாரத்தோடு ஓடுவது. அதைப் பிடித்தவன் சேர்வரையே பிடித்தவன். ஆகவே பாதுகாப்பு பற்றிய பேச்சு நெடுங்காலம் வாசலைச் சுற்றியே நடந்தது: எஸ்எஸ்எல் போடுங்கள், நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள், போர்ட் இலக்கத்தை மாற்றுங்கள். (கடைசிச் சொன்னது எங்கள் அபிப்பிராயத்தில் பெரிய காவல் இல்லை. போர்ட்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் தாராளமாக இருக்கு.)

2018 ஏப்ரலில் அடி விழுந்தது வேறு இடத்தில். வெப்மினைப் பொதிசெய்யும் சேர்வருக்குள்ளேயே யாரோ புகுந்து, கடவுச்சொல் மாற்றும் கோப்பில் சிறு துண்டு நிரலைச் செருகிவிட்டார்கள். கோப்பின் நேர முத்திரையையும் பின்தள்ளி வைத்ததால் கிட் ஒப்பீட்டில் மாற்றம் தெரியவில்லை. கிட்ஹப்பில் இருந்த மூல நிரல் சுத்தம். சோர்ஸ்ஃபோர்ஜில் இருந்து ஆட்கள் இறக்கிய பொதியில்தான் நஞ்சு. திறந்த மூலம் என்றால் ஆயிரம் கண் பார்க்கும் என்பார்கள். ஆயிரம் கண்ணும் பார்த்தது வேறு கோப்பை.

1.890ஆம் பதிப்பில் லொகின் செய்யாமலே, அந்தக் கோப்புக்கு வெளியிலிருந்து அனுப்புவதைச் சேர்வர் கட்டளையாக ஓட்டும். பிறகு அந்தக் கோப்பு பழையபடி திருத்தப்பட்டது. விடவில்லை, ஜூலையில் திரும்பவும் மாற்றினார்கள். இம்முறை, காலாவதியான பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வசதியை இயக்கி வைத்திருந்தால் மட்டுமே ஓட்டை திறக்கும். கவனமாக இருப்போம் என்று அந்த வசதியைப் போட்டவர்கள்தான் மாட்டுப்பட்டவர்கள், பாருங்கோ.

செப்டெம்பரில் அந்தப் பழைய சேர்வரை நிறுத்திப் புதியது வைத்தார்கள். ஆனால் பேக்கப்பில் இருந்து கோப்புகளைக் கொண்டுவந்தபோது கெட்டதும் கூடவே வந்துவிட்டது. 1.920 வரை அப்படியே போனது. 2019 ஓகஸ்டில் டெஃப்கொன் மாநாட்டில் துருக்கிய ஆய்வாளர் ஒருவர் இந்த ஓட்டையைப் பகிரங்கப்படுத்தினார். வெப்மின்காரருக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. வழமையான தவறு எண்டுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். கிட்ஹப்பில் இல்லாத வரி பொதியில் எப்படி வந்தது என்று தேடியபோதே உள்ளிருந்த கதை வெளிவந்தது. சில நாட்களில் 1.930 வந்தது. இனிமேல் கிட்ஹப்பில் உள்ள நிரலிலிருந்து மட்டுமே பொதி செய்வோம் என்றார்கள்.

இந்தக் கதையில் அப்போது தப்பியது யார்? நீளமான பாஸ்வேர்டால் ஒரு பயனும் இல்லை, லொகினே தேவைப்படவில்லையே. எஸ்எஸ்எல்லும் தாக்கவந்த கட்டளையை மறைகுறியாக்கிப் பத்திரமாய் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கும். 10000ஐ வெளியுலகுக்குத் திறக்காமல், சேர்வரின் 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்கவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கம்வழியே பிரவுசரைக் கொண்டுபோனவர்களின் கதவை வெளியில் இருந்து எவராலும் தட்ட முடியவில்லை. அதற்கு வேண்டியது ஒரு வரிக் கட்டளை. கறுப்புத் திரையில்தான் அடிக்க வேணும்.