செல் பகுப்பில் நுண்குழல்களும் பாஸ்பரிகரணமும்

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கிட்டு இழுத்துச் செல்பவை கதிர்கோல் இழைகள். ட்யூபுலின் என்னும் புரதத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழும், ஏறக்குறைய 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்களால் ஆனவை இவை. அக்குழல்கள் எப்போது வளர வேண்டும், எங்கே உதிர வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பாஸ்பரிகரணம், அதாவது கைனேஸ் நொதிகள் புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது.

வால்தர் ஃபிளெமிங் 1882-இல் வெளியிட்ட நூலில் சாலமாண்டர் செல்களின் கதிர்கோலை வரைந்து காட்டினார். ஆனால் அந்த இழைகள் உயிருள்ள செல்லில் உண்மையாகவே இருக்கின்றனவா, சாயமும் பதப்படுத்தலும் உண்டாக்கிய மாயத் தோற்றமா என்ற ஐயம் நெடுங்காலம் தீரவில்லை. 1953-இல் ஷின்யா இனோயே, தானே செம்மைப்படுத்திய முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் உயிருள்ள செல்லிலேயே அவற்றைக் காட்டிய பிறகுதான் அந்த வழக்கு முடிந்தது. ட்யூபுலினைக் காட்டிக்கொடுத்தது கால்ச்சிசின். நம் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சு. அது செல்லுக்குள் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடிய கேரி போரிசி, எட்வின் டெய்லர் ஆகியோரிடம் 1967-இல் அந்தப் புரதம் அகப்பட்டது.

பாஸ்பரிகரணத்தின் கதை தசையில் தொடங்கியது. கிளைக்கோஜனைச் சிதைக்கும் நொதி பாஸ்பேட் ஏறியதும் விழித்துக்கொள்கிறது என்பதை எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950-களில் கண்டறிந்தார்கள். இந்த இரு கதைகளும் தெளிவாகச் சந்தித்தது 1990-இல்.

அதற்கு முன்பே, 1984-இல், டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் ஒன்றைக் கண்டிருந்தனர்: நுண்குழல் சீராக வளர்வதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கும்போது திடீரெனச் சரிந்து உதிர்கிறது. 1990-இல் ஹைடல்பர்க்கில் எரிக் கார்சென்டியின் குழு, ஆப்பிரிக்கத் தவளை முட்டைகளை மையவிலக்கியில் சுழற்றி எடுத்த சாற்றில் நுண்குழல்கள் முளைக்கும் மையங்களான சென்ட்ரோசோம்களை இட்டது. ஒவ்வொன்றிலிருந்தும் நீண்ட குழல்கள் நட்சத்திரம்போல் விரிந்தன. அதே சாற்றில், செல்லைப் பகுப்புக்குத் தள்ளும் சிடிசி2 என்னும் கைனேஸைச் சேர்த்ததும் நட்சத்திரம் குறுகிப்போனது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் மிட்சிசனின் குழு தனித்தனிக் குழல்களை ஓடும் படமாகவே பார்த்தது. பகுப்பு நிலைச் சாற்றில் குழல் வளரும் வேகம் அதிகம் மாறவில்லை. சரியத் தொடங்கும் தடவைகள்தான் பெருகின. இத்துறையின் திருப்புமுனை இதுவே என்பேன். ஓயாமல் எழுந்தும் விழுந்தும் திசைதிசையாகத் துழாவும் குட்டைக் குழல்கள்தான் குரோமோசோமைத் தேடிப் பிடிக்க முடியும்.

ஆனால் பாஸ்பேட் என்றால் உதிர்வு என்று கணக்குப் போட்டுவிட முடியாது. ஸ்டாத்மின் என்ற புரதம் நுண்குழல்களைக் குலைப்பது. அதன் நான்கு செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறினால் அது அடங்கிவிடுகிறது. குரோமோசோம்களின் அருகே இது நடப்பதால் அங்கே குழல்கள் தழைக்க இடம் கிடைக்கிறது. செல் முழுவதும் சரிவைக் கூட்டும் அதே வேதிவினை, வேண்டிய இடத்தில் வளர்ச்சிக்கு வழிவிடுகிறது.

குழல் குரோமோசோமைப் பிடித்த பின்னும் வேலை தீர்வதில்லை. 1969-இல் புரூஸ் நிக்லஸும் கார்ல் கோச்சும் வெட்டுக்கிளியின் விந்தணுத் தாய்ச்செல்லுக்குள் நுண்ணூசியை நுழைத்து, தவறாகக் கதிர்கோலின் ஒரே துருவத்தோடு இணைந்த குரோமோசோமை இழுத்துப் பிடித்தனர். இழுப்பு இருக்கும்வரை அந்தத் தவறான பிணைப்பு நிலைத்தது, விட்டதும் குலைந்தது. இதன் வேதியியல் துலங்க நெடுநாள் ஆயிற்று. குரோமோசோமின் பிடிமுனையில் என்டிசி80 என்ற புரதத்துக்கு நேர்மின்னேற்றம் கொண்ட வால் உண்டு. அது எதிர்மின்னேற்றமுள்ள ட்யூபுலினைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. அரோரா பி கைனேஸ் அதில் பாஸ்பேட்டை ஏற்றும்போது எதிர்மின்னேற்றம் கூடி, பிடி தளர்கிறது. 2006-இல் வந்த ஆய்வுகள் இதை நிறுவின. இரு பக்கமும் சரியாக இழுபடும்போது அந்த வால் கைனேஸுக்கு எட்டாத தூரத்துக்குப் போகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

ஒட்டிய பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகளுக்கு ஆய்வாளர்களின் கவனம் தாமதமாகவே கிடைத்தது. பகுப்பு நடக்கும்வரை அவற்றுள் முக்கியமான பிபி2ஏ-பி55 கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்பது 2010-இல் தெளிவாயிற்று. குரோமோசோம்கள் பிரிந்ததும் அந்தக் கட்டு அவிழ்கிறது. சிடிசி2 ஏற்றிய பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. இரு சேய்ச் செல்களிலும் நுண்குழல்கள் மறுபடி நீளத் தொடங்குகின்றன.