வெட்டு விழும் இடம்: அப்பலாச்சிய மலைக் காட்டு வெங்காயமும் அறுவடைத் தடையும்

கிழக்கு வட அமெரிக்காவின் இலையுதிர் காடுகளில் வளரும் அல்லியம் டிரைகாக்கம் என்னும் காட்டு வெங்காயத்தை அப்பலாச்சிய மலைமக்கள் ‘ராம்ப்’ என்பார்கள். நம் நரிவெங்காயத்துக்கும் இதற்கும் குடும்பமே வேறு. பூண்டு மணம் வீசும் இதன் இலையும் குமிழமும் உணவாகின்றன. இதைக் காக்க எழுந்த விதிகள் எத்தனை செடி எடுக்கலாம் என்றே கணக்கிடுகின்றன. செடியை எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதை அதற்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தெற்கு அப்பலாச்சியத்தில் ராம்ப் செழிப்பது பெரும்பாலும் வடக்கு நோக்கிய ஈரச் சரிவுகளில். மேப்பிள், பாஸ்வுட் மரங்களின் இலைமக்கு ஆழமாகப் படிந்த மண்ணில். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ இலை தலைகாட்டும். மேலே மரங்கள் தழைத்துவிட்டால் தரைக்கு வெயில் கிடைக்காது. இடைப்பட்ட சில வாரங்களுக்குள் ஓராண்டுக்கான உணவைக் குமிழத்தில் சேர்த்துவிட வேண்டும். கோடை தொடங்கும்போது இலை மடிந்துவிடும். பூந்தண்டு அதன் பிறகே நிமிரும். விதை முளைக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். முளைத்தது பூக்கும் பருவத்தை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். விதைகளும் தாய்ச்செடியைவிட்டு அதிக தூரம் போவதில்லை. ஆகவே கூட்டம் அடர்வது பெரும்பாலும் குமிழங்கள் பிரிந்து பெருகுவதால்தான். சரிவு முழுக்கப் பச்சை விரித்ததுபோல் நிற்கும் ராம்பைப் பார்த்து ‘இது எடுக்க எடுக்கக் குறையாது’ என்று நினைப்பவர், பல பத்தாண்டுகள் சேர்ந்ததை ஒரு பருவத்து விளைச்சலாக எண்ணிவிடுகிறார்.

1995இல் கியூபெக் மாகாணம் இதன் விற்பனையைத் தடைசெய்தது. சொந்தத் தேவைக்கு ஆண்டுக்கு 50 குமிழங்கள் வரை அனுமதித்தது. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா 2002இல் அறுவடையை முற்றிலும் நிறுத்தியது. அங்கு நடந்து 2004இல் வெளியான ஆய்வின் முடிவு கடுமையானது: ஒரு கூட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல், அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தால்தான் அது தாங்கும்.

இந்த எண்ணோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அது குமிழத்தை வேரோடு பெயர்த்தெடுப்பதை அளந்த எண். பூங்காவை ஒட்டிக் குவாலா எல்லைப் பகுதியில் வாழும் கிழக்குச் செரோக்கி மக்களிடம் வேறொரு வழக்கம் உண்டு: வேர் பற்றியிருக்கும் அடிப்பகுதியை மண்ணிலேயே விட்டு, அதற்கு மேலே அறுப்பது. விட்டுவைத்த அடியிலிருந்து செடி மீண்டும் தழைக்க இடமுண்டு. பெயர்த்தெடுத்த இடத்தில் அதற்கு வழியே இல்லை. இரண்டையும் ‘அறுவடை’ என்ற ஒரே தலைப்பில் அடைத்து ஒரே விதியால் ஆள்வது தாவரவியல் நோக்கில் பொருந்தாது.

செரோக்கி முறையால் கேடே இல்லை என்று இதற்குப் பொருள்கொள்ளக் கூடாது. ஏப்ரல் தொடக்கத்தில் இலையை இழக்கும் செடி, உணவு சேர்க்கும் ஒரே பருவத்தையும் இழக்கிறது. மிஞ்சிய அடி மெலிந்துதான் அடுத்த ஆண்டை எதிர்கொள்ளும். அதே சரிவில் ஆண்டுதோறும் அறுத்தால் அதுவும் அழிவில் முடியக்கூடும். ஆகவே வெட்டும் இடத்தோடு வெட்டும் நாளும், ஒரு திட்டுக்குத் தரும் ஓய்வும் விதியில் இடம்பெற வேண்டும். மரபு என்ற சொல் இவற்றுக்கு ஈடாகாது.

2016இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பழங்குடிகள் தாவரம் சேகரிக்க வழிசெய்யும் விதியைக் கொண்டுவந்தது. அதன்படி 2019இல் இதே பூங்காவுடன் கிழக்குச் செரோக்கியர் செய்த ஒப்பந்தம் சோச்சான் என்ற கீரைக்கு மட்டும் பொருந்தும். கீரையில் இலையை மட்டும் கிள்ளுவதால் இசைவு எளிதாயிற்று என்று கருதலாம். ராம்பைப் பொறுத்தவரை, பெயர்த்தெடுத்த திட்டையும் அடிவிட்டு அறுத்த திட்டையும் ஒரே சரிவில் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு விதை பூக்கும் செடியாகும் காலம் வரையாவது அளக்கும் சோதனையே அடுத்த விதிக்கு அடிப்படையாக வேண்டும்.