பெட்டிக்குள் கிடந்த படம்

1982-ல் நியூயார்க்கில் ஒரு படம் முடிந்தது. பெயர் ‘லூசிங் கிரவுண்ட்’. 16 எம்.எம்., கலர், 86 நிமிடம், செலவு சுமார் 1,25,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. படத்தை எழுதி இயக்கியவர் காத்லீன் காலின்ஸ் என்ற கறுப்பினப் பெண். நியூயார்க் சிட்டி கல்லூரியில் சினிமா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அதற்கும் இருபது வருடம் முன்பு ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்.

1971-லேயே கையில் ஒரு திரைக்கதையை வைத்துக்கொண்டு பணத்துக்கு அலைந்து பார்த்தார். கறுப்பினப் பெண்ணை நம்பி யாரும் காசு போடவில்லை. அவரிடம் படித்த ரொனால்ட் கிரே என்ற மாணவர்தான் பின்னாளில் அவரை மறுபடி கிளப்பிவிட்டார். கேமராவையும் அவரே பிடித்தார்.

கதை எளிது. சாரா தத்துவப் பேராசிரியை, கணவன் விக்டர் ஓவியன். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வெளியே வீடு எடுக்கிறார்கள். அவன் அங்கே தூரிகையும் கையுமாக வேறொரு பெண்ணின் பின்னால் சுற்றுகிறான். அவளோ பரவச நிலை பற்றிப் புத்தகங்களைப் புரட்டி ஆராய்ச்சி செய்கிறாள். பரவசம் என்னவோ அவள் பக்கம் எட்டிப் பார்ப்பதாக இல்லை. தொடக்கத்தில், வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் அவளைப் புகழ வருகிறான். புகழ்ச்சி எங்கெங்கோ சுற்றி அவள் கணவனின் அதிர்ஷ்டத்தில் போய் நிற்கிறது. காலின்ஸ் இதற்கு அழுத்தம் எதுவும் கொடுக்கவில்லை; சாராவின் அரைச் சிரிப்போடு விட்டுவிடுகிறார். கடைசியில் ஒரு மாணவரின் படத்தில் நடிக்கப்போகும் சாரா, காட்சிக்காகத் துப்பாக்கியை உயர்த்துகிறாள். விக்டர் அப்போதுதான் வந்து நிற்கிறான். சாராவாக நடித்த சேரெட் ஸ்காட்டின் முகத்தை அந்த நொடியில் பாருங்கள். எதுவரை நடிப்பு என்று பிடிபடாது.

போர்ச்சுகல் திரைப்பட விழா ஒன்றில் முதல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். தியேட்டருக்கு எடுத்துப்போக விநியோகஸ்தர் முன்வரவில்லை. கறுப்பினப் படமென்றால் சேரி, போதை, போலீஸ் துரத்தல் இருக்க வேண்டும் என்று பழகியிருந்த வியாபாரம் அது. புத்தக அலமாரிக்கு நடுவே உட்கார்ந்து தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்கும் கறுப்பினப் பேராசிரியையை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று அதற்குத் தெரியவில்லை. படம் பெட்டிக்குள் முடங்கியது.

1988-ல் மார்பகப் புற்றுநோயில் காலின்ஸ் இறந்தார். வயது 46. படத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸும் அதே வருடம் போனார். விக்டராக நடித்த பில் கன், அவரும் ஓர் இயக்குநர், அடுத்த வருடம். படத்துக்காக வாதாட வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள்.

மிஞ்சியது நெகட்டிவ். அது நியூயார்க்கில் ஒரு லேப்பில் கிடந்தது. தாய் விட்டுப்போன காகிதங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பல வருடம் திறக்காமலே வைத்திருந்தார் மகள் நீனா. ஒருவழியாக அதைத் திறந்தவர், லேப்பில் கிடந்த நெகட்டிவையும் மீட்டுப் புதிய டிஜிட்டல் பிரதி எடுக்கச் செய்தார். மைல்ஸ்டோன் ஃபிலிம்ஸ் விநியோகத்துக்கு எடுத்துக்கொண்டது. 2015 பிப்ரவரியில், நியூயார்க் லிங்கன் சென்டரில், முடிந்து 33 வருடம் கழித்து, படம் முறையாகத் தியேட்டருக்கு வந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த காலின்ஸின் சிறுகதைகள் மறுவருடம் புத்தகமாயின.

‘கறுப்பின அமெரிக்கப் பெண் எடுத்த முதல் முழுநீளப் படங்களில் ஒன்று’ என்று இப்போது விளம்பரப்படுத்துகிறார்கள். இந்த ‘முதல்’ பட்டத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. ஜெஸ்ஸி மேப்பிள் என்ற பெண் 1981-லேயே ‘வில்’ எடுத்துவிட்டார். காட்டுவதற்கு இடம் கிடைக்காததால், ஹார்லெமில் தன் வீட்டு அடித்தளத்தையே சிறு தியேட்டராக்கினார். ஜூலி டாஷின் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ 1991-ல் வந்த பிறகுதான் கறுப்பின அமெரிக்கப் பெண் ஒருவரின் முழுநீளப் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் பரவலாக ஓடியது. படம் எடுப்பது இவர்களுக்குப் பாதி வேலைதான். அதைத் திரைவரை கொண்டுபோவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில்தான் பலர் தோற்கடிக்கப்பட்டார்கள்.

2020-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘லூசிங் கிரவுண்டை’ சேர்த்தது. அதே ஆண்டுப் பட்டியலில் ‘தி டார்க் நைட்’டும் இருக்கிறது.