வேந்தரும் துணையும்

பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால் மூன்று வேந்தர்கள் வரிசையாக நிற்பார்கள். முதலில் வேந்தர், அவர் ஆளுநர். அடுத்து இணைவேந்தர், அவர் உயர்கல்வி அமைச்சர். மூன்றாவதாகத் துணைவேந்தர். ஆட்சிக்குழுவைக் கூட்டுவது, தேர்வு முடிவுகள் தாமதமானால் பதில் சொல்வது, ஓய்வூதியத்துக்குப் பணம் தேடுவது, விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று மாணவர்கள் திரண்டால் முன்னே வந்து நிற்பது எல்லாமே அந்த மூன்றாமவர் தலையில்தான் விடியும். முடியாட்சி போன நாட்டில், படிப்பு நடக்கும் இடத்தில் மட்டும் வேந்தர் எப்படி வந்து அமர்ந்தார்?

வேந்தன் சாதாரணச் சொல் இல்லை. சங்க நூல்களின் காலத்தில் நாடாண்ட எல்லோரையும் அப்படி அழைத்துவிடவில்லை. ஊருக்கு உரியவன் கிழான். பறம்புமலையை ஆண்ட பாரி, அவ்வளவு புகழ் பெற்றும் வேள்தான். முடி சூடும் உரிமை பெற்ற சேர, சோழ, பாண்டியர் மூவர்க்கே வேந்தர் என்ற பெயர். முடி வேய்ந்தோன் என்பதே வேந்தன் ஆயிற்று என்பார் தேவநேயப் பாவாணர். கூரை வேய்வதும் பூ வேய்வதும் முடி வேய்வதும் ஒரே வினை என்பதால் அந்த விளக்கம் மனத்துக்குப் பொருந்துகிறது. தொல்காப்பியத்திலோ வேந்தன் மருத நிலத்தின் தெய்வம். உரையாசிரியர்கள் அவனை இந்திரன் என்றார்கள். மண்ணிலும் சரி, விண்ணிலும் சரி, தனக்கு மேல் ஒருவர் இல்லாதவனுக்கு உரிய பெயர் அது.

இனி, நாம் வேந்தர் என்று தமிழாக்கிய ‘சான்சலர்’. அதன் மூலம் ‘கான்செல்லாரியுஸ்’ என்னும் லத்தீன் சொல். ரோமானிய நீதிமன்றத்தில் நடுவர் இருக்கும் பகுதியையும் பொதுமக்கள் நிற்கும் பகுதியையும் ஒரு கிராதி பிரித்தது. கிராதிக்குப் பெயர் ‘கான்செல்லி’. அதன் அருகே நின்று ஆட்களை உள்ளே விட்டவர் கான்செல்லாரியுஸ். எழுதியதைக் கிராதிபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு அடித்ததால் ‘கேன்சல்’ என்ற சொல்லும் அங்கிருந்தே பிறந்தது. வாயிலில் நின்றவர் காலப்போக்கில் எழுத்தரானார். பிறகு அரசனின் முத்திரையைக் காப்பவர் ஆனார். அவர் என்றுமே அரசனாக இருந்ததில்லை. அரசனுக்காகக் கையெழுத்திட்டவர், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்துக்குள் அவர் நுழைந்ததும் முத்திரையோடுதான். பாரிஸ் நகரில் பாடம் சொல்ல உரிமம் வழங்கும் அதிகாரம் நோத்ர தாம் பேராலயத்தின் சான்சலரிடம் இருந்தது. யாருக்கு உரிமம், யாருக்கு இல்லை என்பதில் ஆசிரியர்களுக்கும் அவருக்கும் ஓயாத பூசல். 1231இல் போப் ஒன்பதாம் கிரெகரி ஓர் ஆணை பிறப்பித்தார். ஆசிரியர்களைக் கலந்தாலோசித்து, பாரபட்சம் இல்லாமல் உரிமம் தருவேன் என்று சான்சலர் உறுதிமொழி ஏற்க வேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட 800 ஆண்டுகளுக்கு முன்பே, பல்கலைக்கழக ஆட்சிவிதியில் செய்த பெரிய திருத்தம் சான்சலரின் கையைக் கட்டுவதாக இருந்தது. இதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நமக்கு அந்தப் பதவி 1857இல் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் அந்த ஓராண்டில் உருவாயின. சென்னைக்கான சட்டம் செப்டம்பர் 5ஆம் தேதி நிறைவேறியது. மாகாண ஆளுநரே சான்சலர் ஆனார். பின்னாளில் அந்தப் பெயரைத் தமிழாக்கியபோது, பட்டமளிப்பு மேடையில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருந்தவரின் தோற்றம் சொல்லைத் தீர்மானித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாயிற்காவலருக்கு முடி சூட்டிவிட்டோம்.

துணைவேந்தருக்கு மூலமான ‘வைஸ்சான்சலர்’ என்பதில் உள்ள ‘வைஸ்’ஸிலும் ஒரு நழுவல் உண்டு. லத்தீனில் அதற்கு ஒருவருக்குப் பதிலாக, அவர் இடத்தில் என்று பொருள். துணை என்பது அப்படியில்லை. வழித்துணை கூட வருபவர். துணைவியும் துணைவனும் ஒருவருக்கொருவர் கீழானவர்கள் இல்லை. ‘இத்துணை’ என்னும்போது அது அளவையும் குறிக்கும். வைஸ்சான்சலரை ஈழத்தில் யாழ்ப்பாணத்தாரும் துணைவேந்தர் என்கிறார்கள். கிழக்கே உபவேந்தர் என்பதும் வழக்கு. தெலுங்கில் உபகுலபதி. இந்தியில் சான்சலர் குலாதிபதி, வைஸ்சான்சலர் குலபதி. பதினாயிரம் மாணவர்க்குச் சோறிட்டுக் கற்பித்தவன் குலபதி என்பது பழைய விளக்கம். அதுவும் போதாதென்று 2025 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டமன்றம் குலகுரு என்று மாற்றியது. வடக்கே பெயர் ஆசிரியரை நோக்கி நகர்கிறது. நம்முடையது இன்னும் அரண்மனையிலேயே இருக்கிறது.

பெயருக்கும் நடப்புக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் ஒருவரே போதும். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதற்குள் நாடு விடுதலை பெற்றது, ஆளுநர்கள் பலர் வந்து போனார்கள், பல்கலைக்கழகம் நூற்றாண்டு கண்டது. அந்தக் காலத்துப் பல்கலைக்கழகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் துணைதான், வேந்தர்கள் இல்லை.

துணைவேந்தரை நியமிப்பது யார் என்ற வழக்கும் ஒரு சொல்லின் மேல்தான் நடந்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் சாரம், நியமனப் பிரிவில் ‘வேந்தர்’ என்று இருக்கும் இடத்தில் ‘அரசு’ என்று மாற்றுவது. ஆளுநரின் ஒப்புதல் வரவில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், இது உட்பட ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காதிருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் பற்றிய திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இதற்கிடையே, 2023 ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்த சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நாற்காலி காலியாகவே கிடந்தது. வேந்தரும் அரசும் வழக்காடியபோது இல்லாமல் போனது துணை. இழப்பு மாணவர்களுக்கு.

வேந்தர் பதவியில் ஆளுநர் இருக்கலாமா, முதலமைச்சர் இருக்கலாமா என்று வாதிடுகிறோம். தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சரே வேந்தர். இருப்பவர் யாராக இருந்தாலும் கல்விக்கூடத்துக்கு முடி வேய்ந்த ஒருவர் எதற்கு என்பதே என் கேள்வி. முத்திரை காப்பவருக்கு அந்த வேலைக்கேற்ற பெயர் போதும். பொறுப்பைச் சுமப்பவரைப் பல்கலைக்கழகத் தலைவர் என்றே அழைக்கலாம். ஆட்சிப்பேரவையிலும் ஆட்சிக்குழுவிலும் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை சட்டத் திருத்தம் உங்கள் மேசைக்கு வரும்போது, அதிகாரப் பிரிவுகளோடு இந்தப் பெயர்களையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.