அலையிலும் ஏமாறாத கருவி

1715ஆம் ஆண்டு ஜூலை இறுதி. ஹவானாவிலிருந்து தங்கமும் வெள்ளியும் ஏற்றி வந்த ஸ்பானியக் கப்பல்கள் பதினொன்று, புளோரிடா கரையோரம் சூறாவளியில் சிக்கி நாசமாயின. மாண்டவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். உடன் வந்த பிரெஞ்சுக் கப்பல் மட்டும் தப்பியது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கிப் வாக்னர் என்ற கட்டுமானக் குத்தகையாளர் அதே கரையில் வெள்ளிக் காசுகள் பொறுக்கினார். 1715க்குப் பிந்திய காசு ஒன்றுகூட அவற்றில் இல்லை. அதுவே துப்பு! ராணுவம் கழித்துவிட்ட கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றை 1950களில் வாங்கி மணல்மேட்டைத் துழாவினார். கப்பல் ஆணிகளும் பீரங்கிக் குண்டுகளும் அகப்பட்டன. சரக்கை மீட்க வந்த ஸ்பானியர்கள் முகாமிட்ட இடம் அது.

உலர்ந்த மணலில் சரி, அலையடிக்கும் இடத்தில்? உப்புநீர் மின்சாரம் கடத்தும். ஆகவே பழைய கருவிகள் கடலையே உலோகம் என நினைத்து அலறும். 1960களில் ஆக்ஸ்ஃபர்டு தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் துடிப்பு முறை சோதிக்கப்பட்டது. கருவி ஒரு மின்துடிப்பை அனுப்பிவிட்டு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம் காத்திருக்கும். பலகையைத் தட்டினால் ஓசை உடனே ஓயும். வெண்கல மணியோ முழங்கிக்கொண்டிருக்கும். உப்புநீர் பலகை, உலோகம் மணி.

காத்திருப்பு கூடினால் வம்பு: மெல்லிய தங்கச் சங்கிலியின் எதிரொலியும் அடங்கிவிடும். இரும்பா தங்கமா என்றும் இக்கருவி தெளிவாகப் பிரித்துச் சொல்லாது. துருப்பிடித்த ஆணிக்காகவும் தோண்ட வேண்டும். புதையல் தேடுவோர் அதைத் தூக்கி எறிவார்கள். வாக்னருக்கு முகாமைக் காட்டிக்கொடுத்ததோ அத்தகைய ஆணிகள்தான்.