பாரும் பாறையும்

1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில், 'சாகர் சாம்ராட்' துளைமேடை கடலடிச் சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் கண்டது. அந்தப் பாறையின் குணம் நம் தூத்துக்குடிக் கரைக்குப் புதியதன்று.

பழஞ்சுவரிலிருந்து பெயர்ந்த முருகைக்கல் ஒன்றின்மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு வழியாது, கல்லின் கண்களுக்குள் இறங்கிவிடும். பவள உயிர்கள் கட்டி விட்டுப்போன அறைகள் அவை. இத்தகைய பவளத்திட்டு மண்ணில் ஆழப் புதைந்தால், அயலிலுள்ள களிப்பாறையின் கரிமப்பொருள் பூமியின் சூட்டில் வெந்து எண்ணெயாகி, அந்த அறைகளில் வந்து சேரும். மேலே இறுகிய களிப்படலம் மூடியாக நிற்கும். கனடாவில் 1947இல் கண்டறியப்பட்ட லெடுக் களம் இப்படிப் புதைந்த திட்டுதான். திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியிலும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பவளத்திட்டு உண்டு. அது சிமென்ட் ஆகிறது.

மும்பைப் பாறை முழுப் பவளத்திட்டு அன்று. ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்பு. கடல் வற்றிய காலங்களில் மழைநீர் அதைக் கரைத்துக் கண் திறந்தது. 1960களில் சோவியத் கப்பல் ஒலியலை அனுப்பி அந்தக் கடலடிப் பாறை மேட்டை அறிந்தது. ஆனால் உள்ளே இருப்பதைச் சொன்னது ஆய்வுக்கிணறே. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. எண்ணெய் முதலில் கப்பலிலும், 1978 முதல் குழாய் வழியாகக் கரையிலுள்ள உரணுக்கும் சென்றது. அழுத்தம் தளர்ந்ததும் பாறைக்குள் நீர் செலுத்த வேண்டியதாயிற்று. சுண்ணாம்பில் கண்கள் ஒரே சீராக இரா. நீர் எளிய வழியில் முந்தி ஓடிவிட்டால் எண்ணெய் பின்தங்கிவிடும். அவசரப்பட்டால் பாறை கொடுப்பது குறையும்.

இந்தப் பாடம் நம் முத்துக்குளிப்பில் ஏற்கெனவே இருந்தது. முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளே பார்கள். தொளாயிரம் பார் முதலிய பார்களில் மாதிரிச் சிப்பி எடுத்து, எண்ணி, முத்தை மதிப்பிட்ட பிறகே அன்று குளிப்பு அறிவித்தார்கள். சிப்பி முதிரவில்லையென்றால் கல் கட்டி யாரும் இறங்கியதில்லை.

முருகைக்கல்லுக்கு அந்தப் பொறுமையை நாம் காட்டவில்லை. சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தோம், மன்னார் வளைகுடாவின் விலாங்குசல்லித் தீவு நீருக்குள் போயிற்று. அங்குள்ள வான் தீவைக் காக்கச் செயற்கைத் திட்டுகளை இறக்கியிருக்கிறோம். புதைந்த திட்டு எண்ணெய் தரும். உயிருள்ள திட்டு மீனையும் கரையையும் தரும். இரண்டிலும் எடுப்பதற்கு முன் அளந்தாக வேண்டும்.