எருக்குழி தின்னாத குப்பை



வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கோடை உழவுக்கு முன்னால் ஒரு பெரியவர் எருக்குழியை வெட்டிக்கொண்டிருந்தார். நன்றாக மக்கிய எரு, கறுகறுவென்று, கையில் எடுத்தால் உதிர்கிறது. ஆனால் மண்வெட்டி விழுந்த இடமெல்லாம் ஏதோ சரசரவென்று கூடவே வந்தது. இழுத்துப் பார்த்தால் பால் கவர், ஷாம்பு பாக்கெட், மளிகைக் கடைப் பை. "மூணு வருஷத்துக் குப்பைங்க. சாணி மக்கிடுச்சு, வைக்கோல் மக்கிடுச்சு, இது மட்டும் கடைப் பேரோட அப்படியே இருக்கே! எங்க அப்பா காலத்துல குழியில எதைப் போட்டாலும் எருவாச்சே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எருக்குழிக்குச் செரிக்காத பண்டம் நம் வீட்டுக்குள் எப்போது வந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். வாலாஜாபாத்துக்குத் தெற்கே இருக்கிற உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுத்த விவரம் அதில் இருக்கிறது. பெயர் எழுதியது பனை ஓலை, போட்டுக் குலுக்கியது மண் குடம். தேர்தல் முடிந்தபின் ஓலை மக்கியிருக்கும், குடம் உடைந்து மண்ணாகியிருக்கும். எழுத்து மட்டும் கல்லில் நின்றது. அதே ஊரின் வயிரமேகத் தடாகத்தில் தூர் எடுப்பதற்கென்றே அந்தக் காலத்தில் அறக்கொடை வைத்திருக்கிறார்கள். ஏரி வண்டல் வயலுக்கு வரும், வயல் விளைச்சல் வீட்டுக்கு வரும், வீட்டுக் கழிவு குழி வழியாகத் திரும்ப வயலுக்கே போகும். இந்தச் சுற்று எங்கேயும் அறுபடாமல் வந்திருக்கிறது.

வாங்கிய பண்டங்களும் இந்தச் சுற்றுக்குள்ளேயே அடங்கின. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி வேகவைப்பது. பூ வாங்கினால் வாழை இலையில் வைத்து நாரால் கட்டிக் கொடுத்தார்கள். எண்ணெய்க்கு நாம் தூக்கு கொண்டுபோனோம். பருப்பும் மிளகாயும் காகிதப் பொட்டலத்தில், சணல் நூல் சுற்றி வந்தன. அந்த நூலையும் நம் பாட்டிமார் அவிழ்த்து உருண்டையாகச் சுற்றி வைத்தார்கள். பட்டு நெசவு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி கட்டிய புடவையைப் பேத்தி கட்டுவாள். கிழிந்துபோனாலும் சரிகைக்காக எடைக்கு வாங்கிக்கொள்ள ஆள் வரும்.

அந்தக் காலம் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. காகிதப் பொட்டலம் மழையில் நனைந்து அரிசி கொட்டிப்போன கதை எல்லார் வீட்டிலும் உண்டு.

பாலிதீன் என்ற பொருள் 1933இல் இங்கிலாந்தில் ஓர் இரசாயன ஆலையில், வேறு எதையோ சோதிக்கும்போது தற்செயலாகக் கிடைத்தது. இன்று நாம் தூக்கி வருகிற, இரண்டு காது வைத்த பையை வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டு ஸ்டென் குஸ்டாஃப் துலின். 1965இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் மகன் பிற்பாடு ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். காகிதப் பைக்காக மரம் வெட்டப்படுகிறதே என்றுதான் அப்பா இந்தப் பையைச் செய்தார், ஒரே பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவார்கள் என்று நினைத்தார் என்று. நாம் செய்ததோ வேறு. வீடு வந்ததும் குழியில் போட்டோம்.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டிய முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பு தொடங்கினார். முழு பாட்டிலுக்குக் காசு இல்லாத கூலிக்காரப் பெண்ணும் சில்லறைக் காசில் ஷாம்பு வாங்க முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் குளித்தபோது மண்ணில் எதுவும் மிஞ்சவில்லை. இப்போது தலைக்குத் தலை ஒரு பாக்கெட் மிஞ்சுகிறது.

அது எங்கே போகிறது? மழையில் அடித்துப்போய் ஏரி மதகுக் கண்ணை அடைக்கிறது. எருவோடு வயலுக்கு வந்தால், விதை விழுந்த இடத்தில் பட்டையாகக் கிடந்து வேர் இறங்குவதைத் தடுக்கிறது. நீர் கீழே இறங்குவதும் அங்கே தடைப்படுகிறது. அன்றாடம் தீனி தேடும் மாட்டின் வயிற்றுக்கும் போகிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். 50 கிலோ நெல் மூட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அந்த மாடு சுமந்தது எவ்வளவு என்று தெரியும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இந்தியா முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1இல் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் சந்தைக்குப் போனால் பை கிடைக்கிறது. கேட்கிறவர் இருப்பதால் கொடுக்கிறவரும் இருக்கிறார்.

மஞ்சப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக அது வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கியது. நடுவில் மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காட்டான் என்று கேலி பேசினார்கள். இப்போது கடைக்குக் கடை புதுத் துணிப்பை விற்கிறார்கள், அதையும் வாரம் ஒன்று வாங்கி மூலையில் போடுகிறோம். பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? துலின் ஏமாந்த அதே இடம்தான் இது. ஆணியில் ஏற்கெனவே தொங்குகிற பையை எடுத்துக்கொண்டு போங்கள்.

குழி விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் இரண்டு கூடை வையுங்கள். மக்குவது ஒன்றில், மக்காதது ஒன்றில். மக்காததைத் தூய்மைக் காவலர் வரும்போது கொடுத்துவிடுங்கள். கொல்லையில் கொளுத்த வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகள் மூச்சுக்குக் கெடுதல். மூடாக்குத் தாள் விரித்திருப்பவர்கள் அறுவடை முடிந்ததும், தாள் நைந்து கிழிவதற்கு முன் சுருட்டி எடுத்துவிடுங்கள். கிழிந்தபின் பொறுக்குவது ஆகாத வேலை.

பழைய குழிக்கு என்ன செய்வது என்று அந்தப் பெரியவர் கேட்டார். கட்டிலுக்குக் கட்டுகிற கம்பிவலைத் துண்டு ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, எருவை வாரி அதன்மேல் வீசிச் சலிக்கச் சொன்னேன். இரண்டு நாள் வேலை ஆயிற்று. எரு நாலு வண்டி தேறியது, பிளாஸ்டிக் மூன்று சாக்கு. சாக்கை எண்ணிவிட்டு, "இதுக்கும் சேர்த்துத்தாங்க கடையில காசு கொடுத்தோம்" என்றார் அவர் வீட்டு அம்மாள்.